சேவலைக் கழிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கக் கேள்வி பதில் பகுதியில், வீட்டில் ஒன்றாக வளரும் இரண்டு சேவல்களில் ஒன்று இன்னொன்றை மிதிக்கிறது, என்ன செய்யலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மிதிப்பது இனவிருத்திக்கு லாயக்கில்லாத சேவல், கழித்துவிடுங்கள் என்று பதில் வந்திருந்தது. அதை நம்பி எத்தனை வீட்டில் நல்ல சேவல்களை அறுத்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் இந்தக் கடிதம். புறக்கடைச் சேவல்களிடம் நாம் விபரீதம் என்று நினைக்கும் நடத்தைகளில் பெரும்பாலானவை அவற்றின் பிறவிக் குறை அல்ல. அவற்றை எப்படி வளர்த்தோம், யாரோடு சேர்த்துவிட்டோம் என்பதன் விளைவு. காரணம் தெரிந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம்.

முதலில் மிதிப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். சேவலுக்கு வெளியே நீளும் உறுப்பு கிடையாது. பெட்டையின் பிடரி இறகையோ கொண்டையையோ அலகால் பற்றி, முதுகில் ஏறி, கால் மாற்றி மாற்றி மிதித்து நிலைகொண்டு, வாலைத் தாழ்த்தி எச்சத்துளையோடு எச்சத்துளையை ஓரிரு நொடி ஒட்டுவதுதான் சேர்க்கை. கீழே இருக்கும் பறவை குந்தி, செட்டையைச் சற்று விரித்து, வாலை ஒதுக்கிக் கொடுத்தால்தான் அது முழுமையாக நடக்கும். அந்தக் குந்தல்தான் சேவலைத் தூண்டும் சைகை. பஞ்சடைத்த பொம்மைக் கோழியைக் குந்தின நிலையில் வைத்தால்கூடச் சேவல்கள் ஏறி மிதிப்பதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, அடிக்குப் பயந்து குந்திவிடும் ஒரு சேவலின் மேல் இன்னொரு சேவல் ஏறுவதில் வியப்பு இல்லை.

இது எங்கே அதிகம் நடக்கிறது? பெட்டை இல்லாத கூட்டத்தில். அடை வைத்துப் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். பெட்டைகளை முட்டைக்கு வைத்துக்கொண்டு, சேவல்களைப் பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ விற்கலாம் என்று தனிக் கொட்டகையில் அடைத்துவிடுகிறோம். 4, 5 மாதத்தில் கொண்டை சிவந்து கூவத் தொடங்கும்போது எதிரில் பெட்டையே இல்லை. அப்போது கூட்டத்தில் இளைத்தவன் பெட்டையின் இடத்துக்குத் தள்ளப்படுகிறான். கிமு 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் இதை எழுதி வைத்திருக்கிறார். கிரேக்கக் கோயில்களில் காணிக்கையாக விடப்பட்ட சேவல்கள் பெட்டையின்றிச் சேர்ந்து வாழ்ந்தன. புதிதாக ஒரு சேவல் வந்து சேர்ந்தால் மற்றவை அதை மிதித்தன. பெட்டைகளும் இப்படித்தான். சேவல் இல்லாத வெள்ளை லெகார்ன் இனப் பெட்டைக் கூட்டத்தில் பெட்டையே பெட்டையை மிதித்ததை அமெரிக்காவின் கான்சாஸில் ஆய்வாளர் ஏ. எம். கூல் 1948இல் பதிவு செய்தார்.

ஆனால் எல்லா மிதிப்பும் ஒன்றல்ல. பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பிடரி இறகைச் சிலிர்த்து, கொண்டையில் ஓங்கிக் கொத்தி, பாய்ந்து ஏறி, கீழே உள்ளது கத்திக்கொண்டு விடுபட்டு ஓடுகிறது என்றால் அது யார் பெரியவன் என்ற வழக்கு. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு என்பதை நார்வே ஆய்வாளர் ஷெல்டெரப் எப்பே 1920களின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார். அந்த வரிசை உறுதிப்படும்வரை இந்த ஏறுதலும் விரட்டலும் இருக்கும். பிறகு தானாகக் குறையும். மாறாக, ஒரு பக்கச் செட்டையைத் தரையில் உரசுகிற மாதிரி தொங்கவிட்டு, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடி வைத்து வட்டமிட்டுவிட்டு, அதன் பிறகு ஏறுகிறது, கீழே உள்ளதும் ஓடாமல் குந்திக் கொடுக்கிறது என்றால் அது சேர்க்கைக்கான முயற்சி. அந்தச் சேவலுக்குக் காதலாட்டம் ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது. பெட்டையோடு விட்டால் பெரும்பாலும் நல்ல பொலிசேவலாகிவிடும். இதைத்தான் கழிக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

கவலைப்பட வேண்டியது மிதிக்கும் சேவலைப் பற்றி அல்ல, மிதிபடும் சேவலைப் பற்றித்தான். அதன் பிடரியும் முதுகும் இறகு உதிர்ந்து, தோல் கிழிந்து, தீவனத்துக்கு வரப் பயந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். அதைத்தான் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். புண்ணை வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவி, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைப் பூசி, ஈ மொய்க்காத இடத்தில் வைக்க வேண்டும். புண் ஆறுமுன் கூட்டத்தில் விட்டால் சிவப்பைக் கண்டு எல்லாமே கொத்தும். மீதி உள்ளவற்றுக்கு இடம் வேண்டும்: கொட்டகைக்குள் ஒரு சேவலுக்கு 4 சதுர அடி, வெளியே குறைந்தது 10 சதுர அடி. தீவனத்தட்டு ஒன்றே இருந்தால் வலுத்தது அதன் பக்கத்திலேயே நின்றுகொள்ளும். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். குறுக்கே ஒரு பலகை, சாய்த்து வைத்த ஓலைத் தட்டி, ஒரு விறகுக் கட்டு இருந்தால்கூட விரட்டப்பட்டது கண்ணில் படாமல் ஒதுங்க வழி கிடைக்கும். கண்ணில் படாவிட்டால் விரட்டலும் நின்றுவிடும்.

பெட்டைகளைச் சேர்க்கும்போது ஒரு தவறு பரவலாக நடக்கிறது. முட்டையிடத் தொடங்காத வெடைக்கோழிகளை இளஞ்சேவலோடு விடுகிறார்கள். அவை குந்தத் தெரியாமல் ஓடும், சேவல் துரத்திப் பிடித்து இழுக்கும், இரண்டுக்குமே சேர்க்கை என்றால் சண்டை என்று பதிந்துவிடும். ஒரு வயது தாண்டிய, முட்டையில் இருக்கும் முதிர்ந்த பெட்டைகளோடு விடுங்கள். வட்டமிடாமல் பாய்கிற சேவலை அவையே திருப்பிக் கொத்தி ஒழுங்குபடுத்தும். சாயங்காலம் விடுவது நல்லது. கோழிகள் காலையிலும் முற்பகலிலும் முட்டையிட்டுவிட்டு, சேர்க்கைக்கு அதிகம் இணங்குவது பொழுது சாயும் வேளையில்தான்.

இதைவிடச் சிக்கலானது தனியாகக் கட்டி வளர்த்த சேவல். நம் பக்கத்தில் காலில் கயிறு போட்டு முளையில் கட்டியோ, பஞ்சாரத்தில் ஒற்றையாகக் கவிழ்த்தோ சேவல் வளர்ப்பது வழக்கம். குஞ்சுப் பருவம் முதல் அப்படித் தனித்தே வளர்ந்த சேவலைப் பெட்டையிடம் விட்டால் மிதிக்காது, அடிக்கும். சில சேவல்கள் தன் வாலையே எதிரியென்று சுற்றிச் சுற்றிக் கொத்தும். நெதர்லாந்தில் யாப் க்ரூய்ட் செந்நிறக் காட்டுக்கோழிகளைக் குஞ்சிலிருந்தே தனிமையில் வளர்த்துப் பார்த்து, இதே கோளாறுகளை 1964இல் விரிவாக எழுதினார். தாக்குவது, தப்புவது, இணைசேர்வது ஆகிய மூன்றும் பறவைக்குப் பிறப்பில் தனித்தனியாக வருகின்றன. மற்றப் பறவைகளோடு பழகித்தான் எதை எங்கே அடக்குவது என்று அது கற்கிறது. கற்கும் வயதில் துணை இல்லாவிட்டால் மூன்றும் கலந்துபோகும்.

அப்படிப்பட்ட சேவலைத் திருத்த அவசரப்படக் கூடாது. பெட்டைகளின் கொட்டகைக்குப் பக்கத்தில் கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால் 10 நாள் வையுங்கள். வலையை ஒட்டி இரண்டு பக்கமும் தீவனம் வைத்தால் பக்கத்தில் நின்று தின்னப் பழகும். தீனியைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டு "டுக் டுக்" என்று பெட்டையை அழைக்கத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குத் தயார் என்று பொருள். வலைக்கு எதிரில் பிடரி சிலிர்த்துப் பாய்ந்துகொண்டே இருந்தால் இன்னும் ஆகவில்லை. முதல் நாள் இரண்டு முதிர்ந்த பெட்டைகளை மட்டும், நீங்கள் அருகில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு விடுங்கள். அதற்கு முன் சேவலின் கால்முள்ளின் நுனியில் கால் அங்குலத்தை அரத்தால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். உள்ளே எலும்பும் இரத்தக் குழாயும் இருப்பதால் வெட்டவோ ஒடிக்கவோ கூடாது. ஒரு வயதுக்கு மேல் முழுத் தனிமையில் வளர்ந்தவை சில திருந்தாமலே போகும் என்பதும் உண்மை. அதனால்தான், கட்டி வளர்ப்பவர்களும் குஞ்சுப் பருவத்தில் முதல் 4 மாதமாவது தாயோடும் கூட்டத்தோடும் விட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, இணைபிரியாத இரண்டு சேவல்கள். சேர்ந்தே மேயும், ஒரே கொம்பில் ஒட்டி உறங்கும், ஒன்று இல்லாவிட்டால் மற்றது கத்தித் தேடும். இரண்டு சேவல் ஒரு வாசலில் ஆகாது என்று நம்பும் நம் ஊரில் இதைப் பார்த்தால் ஏதோ கோளாறு என்கிறார்கள். கோழியின் இயல்பான வாழ்க்கையிலேயே இதற்கு இடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலோரத் தீவொன்றில் காட்டுவாசியாகிவிட்ட வீட்டுக்கோழிகளை மெக்பிரைடும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 1969இல் எழுதியது முக்கியமானது. தலைச்சேவல் தன் எல்லையையும் பெட்டைகளையும் காக்கிறது. அடங்கின சேவல்கள் அதே எல்லைக்குள் அதன் அனுமதியோடு வாழ்கின்றன. ஒரே அடையில் பொரித்து, பிரியாமல் வளர்ந்த சேவல்களிடம்தான் இந்த ஒப்பந்தம் நன்றாக நிற்கும்.

இது வீட்டுக்காரருக்கு லாபம். பருந்தைக் கண்டதும் சேவல் எழுப்பும் எச்சரிக்கைக் குரலை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010இல் ஆராய்ந்தபோது, பக்கத்தில் அடங்கின சேவல் ஒன்று நிற்கும்போது தலைச்சேவல் அதிகமாகக் குரல் கொடுப்பதைக் கண்டார்கள். கத்தினால் தன் இருப்பிடம் பருந்துக்குத் தெரிந்துவிடும் என்ற ஆபத்து, இரண்டாவது ஆள் பக்கத்தில் இருக்கும்போது பங்கு போய்விடுகிறது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் பருந்துக்கும் கீரிப்பிள்ளைக்கும் பறிகொடுத்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். விடியலில் கூவுவதிலும் இந்த வரிசை உண்டு. தலைச்சேவல் முதலில் கூவ, மற்றவை தம் படிநிலைப்படி அடுத்தடுத்துக் கூவுகின்றன. தலைச்சேவலை எடுத்துவிட்டால் இரண்டாவது சேவல் தொடங்கிவைக்கிறது என்று ஜப்பானின் ஷிம்முராவும் யோஷிமுராவும் 2015இல் காட்டினார்கள். உங்கள் வீட்டுச் சேவல்களில் யார் தலைச்சேவல் என்று சண்டை மூட்டிப் பார்க்க வேண்டியதில்லை; விடியலில் காது கொடுத்தால் போதும்.

இந்த நட்பை நாம்தான் கெடுக்கிறோம். ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுபோய் விலை படியவில்லை என்று சில நாள் உறவினர் வீட்டில் விட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், இரண்டு மூன்று வாரத்தில் முகம் மறந்திருக்கும், அந்நியர்களாக அடித்துக்கொள்ளும். கோழிகள் ஒன்றையொன்று அறிவது பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் வைத்துத்தான். கொண்டையை அறுத்துவிட்டாலோ, அது ஒரு பக்கம் சாயும்படி காயம்பட்டாலோ, பிரிக்காத நண்பனே எதிரியாகத் தெரியும். பிரித்ததைத் திரும்பச் சேர்ப்பதற்கும் மேலே சொன்ன வலைத்தடுப்பு முறைதான். ஒரு வாரம் பார்த்துப் பழகவிட்டு, இருட்டிய பின் கொம்பில் பக்கத்தில் ஏற்றிவைத்து, விடியுமுன் தீவனத்தைப் பல இடங்களில் தூவிவிடுங்கள். சின்ன முறைப்பும் ஓரிரு பாய்ச்சலும் இருந்தால் குறுக்கிடாதீர்கள். இரத்தம் வந்தாலோ, தோற்று ஓடினதை விடாமல் துரத்தினாலோ பிரித்துவிட வேண்டும்.

இரண்டு சேவல் வைத்திருந்தால் பெட்டைக் கணக்கைக் கவனிக்க வேண்டும். நாட்டுக்கோழிக்கு ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை. இரண்டு சேவலுக்கு 5 பெட்டை என்று வைத்துவிட்டுச் சண்டை சண்டை என்று புலம்பிப் பயனில்லை. அடங்கின சேவல் சும்மா இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். தலைச்சேவல் கவனிக்கும்போது அது தீனி அழைப்பின் சத்தத்தை விட்டுவிட்டு, தலையை ஆட்டித் தீனியைக் கொத்திப் போடும் அசைவை மட்டும் செய்து பெட்டையை அழைக்கிறது. தலைச்சேவலின் கவனம் வேறுபக்கம் திரும்பியதும் சத்தத்தையும் சேர்த்துக்கொள்கிறது. சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் கரோலின் ஸ்மித்தும் அவர் குழுவினரும் படம்பிடித்து நிரூபித்தது இது. பெட்டைக்கும் தன் விருப்பம் உண்டு. அடங்கின சேவல் வலிந்து மிதித்தால் அது கத்தி ஊரைக் கூட்டும், தலைச்சேவல் ஓடிவந்து இடித்துத் தள்ளும். அதையும் மீறி நடந்துவிட்டால் பெட்டை அந்த விந்தை உடனே வெளியே பீய்ச்சிவிடும். அடங்கின சேவல்களின் விந்தைத்தான் பெட்டைகள் அதிகமாக இப்படித் தள்ளுகின்றன என்று பிட்சாரியும் பர்க்ஹெட்டும் 2000இல் கண்டறிந்தார்கள். எனவே எத்தனை முறை மிதித்தது என்று எண்ணி எந்தச் சேவலின் குஞ்சு என்று சொல்ல முடியாது.

சேவல் ஒரே பெட்டையிடம் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பெரும்பாலும் கொண்டை பெரிதாக, முட்டையில் முன்னிற்கும் பெட்டைதான் அதற்குப் பிடித்தது. அந்தப் பெட்டையின் முதுகு மொட்டையாகிவிடும், செட்டைக்கு அடியில் நகம் கிழித்த காயம் மறைந்திருக்கும். இறகை விலக்கிப் பார்க்காவிட்டால் புழு வைத்த பிறகுதான் தெரியும். சேவலை மாற்றுமுன் பெட்டைக்கு ஒரு முதுகுத்துணி கட்டிப் பாருங்கள். ஒரு சாண் நீளமும் அதைவிடக் கொஞ்சம் குறைந்த அகலமும் உள்ள தடித்த ஜீன்ஸ் துணி, கழுத்துப் பக்கம் குறுகி வால் பக்கம் விரிந்திருக்க வேண்டும். இரண்டு மூலைகளிலும் எலாஸ்டிக் வளையம் தைத்துச் செட்டையின் அடியில் மாட்ட வேண்டும். வளையத்துக்குள் இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்வு இருக்கட்டும்; இறுக்கினால் செட்டை மரத்துப்போகும். வாரம் ஒருமுறை கழற்றிப் பேன், செள் இருக்கிறதா என்று பாருங்கள். மழையில் நனைந்த துணியை விட்டுவைத்தால் தோல் புழுங்கிப் புண்ணாகும். சித்திரை வெயிலில் பகலில் கழற்றிவிடுவதே நல்லது.

சேவல் கூண்டின் மூலையில், முட்டையிடும் கூடையில் போய் உட்கார்ந்து, காலால் வைக்கோலைச் சீய்த்து, தொண்டைக்குள் முனகுவதையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சேவல் முட்டையிடப்போகிறது என்று அக்கம்பக்கம் கூடிவிடும். அது இணைசேர்க்கையின் ஒரு பகுதிதான். முட்டையிட இடம் தேடும் பெட்டைக்கு மறைவான இடத்தைக் காட்டித் தருகிறது சேவல். முட்டையிட்டுக் கொக்கரிக்கும் பெட்டையை ஓடிப்போய் அழைத்துவந்து கூட்டத்தில் சேர்ப்பதும் அதுவே. புதுப் பெட்டைகள் கண்ட இடத்தில் முட்டையிடுகின்றன என்றால், இப்படி இடம் காட்டும் சேவல் ஒன்று இருப்பது பெரிய உதவி. தாய்க்கோழியைக் கீரி பிடித்துவிட்டால் குஞ்சுகளைச் செட்டைக்குள் அணைத்துக்கொள்ளும் சேவல்களும் உண்டு. இதையும் அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். அந்தச் சேவல்கள் கூவுவதையும் மிதிப்பதையும் நிறுத்திவிட்டன என்கிறார். குஞ்சு பெரிதாகும்வரை அந்தச் சேவலிடம் பொலியை எதிர்பார்க்க வேண்டாம். குஞ்சுகளைப் பிரிக்கவும் வேண்டாம். இரவில் முதல் இரண்டு வாரம் மட்டும் அது கொம்பில் ஏறிவிடாமல் தரைக்கூண்டில் குஞ்சுகளோடு அடைத்தால் போதும். சேவல் மேலே போய்விட்டால் குஞ்சுகள் குளிரில் விறைத்துவிடும்.

கூவுகிற பெட்டை விஷயத்தில்தான் நம் ஊரில் அநியாயம் அதிகம். வீட்டுக்கு ஆகாது என்று அன்றைக்கே அறுத்துவிடுகிறார்கள். ஐரோப்பாவிலும் இந்தப் பயம் இருந்தது. 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்டதாகச் சொல்லி ஒரு "சேவலை" விசாரித்து முட்டையோடு சேர்த்து எரித்தார்கள். அது பெரும்பாலும் உரு மாறிய பெட்டையாகத்தான் இருந்திருக்கும்.

கூவும் பெட்டையைக் கண்டால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முட்டையிடுகிறதா? சேவல் இல்லாத கூட்டத்தில், எல்லாவற்றையும் அடக்கி ஆளும் பெட்டை கூவவும் மற்றதை மிதிக்கவும் செய்யும். அதே நேரம் முட்டையும் இடும். அதில் நோய் எதுவும் இல்லை. ஒரு நல்ல சேவலை விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். முட்டையை நிறுத்திவிட்டது, அடையும் படுக்கவில்லை, கொண்டையும் தாடியும் தடிக்கின்றன, இறகு உதிர்த்து முளைக்கும்போது பிடரி இறகு கூர்மையாக வருகிறது, வாலில் அரிவாள் இறகு நீள்கிறது, முள் வளர்கிறது என்றால் சினைப்பையில்தான் கோளாறு. கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டுமே வேலை செய்யும். கட்டியோ நோயோ அதை அழித்துவிட்டால், வலப்பக்கத்தில் உறங்கிக்கிடக்கும் உறுப்பு வளர்ந்து விந்துச்சுரப்பி போலாகி ஆண் சுரப்புநீரைச் சுரக்கும். சேவலின் இறகு வடிவம்தான் கோழியின் அடிப்படை வடிவம். சினைப்பையின் சுரப்புநீர் அதைத் தடுத்துவைத்திருப்பதால்தான் பெட்டை பெட்டையாகத் தெரிகிறது. எடின்பரோவில் எஃப். ஏ. ஈ. க்ரூ 1923இல் பதிவு செய்த பஃப் ஆர்பிங்டன் கோழி, முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்த பிறகு கூவத் தொடங்கி, கடைசியில் இரண்டு குஞ்சுகளுக்குத் தகப்பனும் ஆனது. அறுத்துப் பார்த்தபோது அதன் சினைப்பையைக் காசநோய் அரித்திருந்தது. அப்படித் தகப்பனாவது மிக மிக அபூர்வம்.

கையால் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். எச்சத்துளைக்கு இருபுறமும் தட்டுப்படும் இரண்டு மெல்லிய எலும்புகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழைந்து, துளை அகன்று ஈரமாக இருந்தால் முட்டையிடும் கோழி. ஒரு விரலும் நுழையாமல், துளை சுருங்கி வறண்டிருந்தால் முட்டை நின்றுபோய்விட்டது. அந்தக் கோழி மெலிந்து, வயிறு மட்டும் உப்பியிருந்தால் தனியே வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அறுக்கும்போது ஈரலிலும் குடலிலும் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் சமைக்கக் கூடாது. சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். மெலியாமல், தின்று திரிந்துகொண்டிருந்தால் அதன் போக்கில் விட்டுவிடலாம். கூவுவதால் யாருக்கும் கேடில்லை.

வேற்றினத்திடம் ஒட்டும் சேவல்களுக்குக் காரணம் குஞ்சுப் பருவப் பழக்கம். மனிதக் கையிலேயே வளர்ந்த ஒற்றைக் குஞ்சு, பெரிதானதும் உங்கள் செருப்புக்கு முன் செட்டையைத் தொங்கவிட்டு வட்டமிடும். சில மாதத்தில் அதுவே குழந்தைகளின் காலில் பாய்வதாக மாறும். ஒற்றைக் குஞ்சை எடுத்து வளர்க்க நேர்ந்தால் அதே வயதுக் குஞ்சு ஒன்றைத் துணைக்குச் சேருங்கள். 8 வாரத்துக்குப் பின் சேவல் குஞ்சைத் தூக்கிக் கொஞ்சுவதை நிறுத்துங்கள். வாத்தோடு வளர்ந்த சேவல் பெட்டை வாத்தின் மேல் ஏற முயலும். அதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆண் வாத்து கோழியை மிதிப்பதுதான் ஆபத்து. ஆண் வாத்துக்கு நீளும் உறுப்பு உண்டு. அது கோழியின் உள்ளுறுப்பைக் கிழித்துக் கொன்றேவிடும். கோழியின் மேல் ஏறத் தொடங்கிய ஆண் வாத்தை அன்றே பிரித்துவிடுங்கள். கின்னிக்கோழிப் பெட்டையைச் சேவல் மிதித்து அபூர்வமாகக் குஞ்சு பொரிப்பதும் உண்டு. அந்தக் கலப்புக் குஞ்சு மலடாகத்தான் வளரும்.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய சேவலும் இருக்கத்தான் செய்கிறது. காதலாட்டம் எல்லாம் ஆடும், மிதிக்கவும் செய்யும், ஆனால் முட்டை கருக்கூடாது. இதை அதன் நடத்தையை வைத்துச் சொல்ல முடியாது, முட்டையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அடை வைத்த 7ஆம் நாள் இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் வைத்துப் பாருங்கள். சிலந்திக்கால் போல இரத்த நரம்பு ஓடினால் கருக்கூடியிருக்கிறது. வெறுமையாகத் தெளிந்திருந்தால் கூமுட்டை. 10 முட்டையில் ஒன்றிரண்டு அப்படி இருப்பது இயல்பு, பாதி என்றால் காரணம் தேட வேண்டும். உடல் பெருத்திருக்கிறதா, காலில் வீக்கமோ பாதத்தில் ஆணியோ இருக்கிறதா, எச்சத்துளையைச் சுற்றி இறகு அடர்ந்து மறைக்கிறதா, செள் மொய்த்திருக்கிறதா என்று பாருங்கள். இறகு அடர்ந்திருந்தால் சேவலுக்கும் பெட்டைக்கும் துளையைச் சுற்றிக் கத்தரித்துவிட்டாலே சரியாகிவிடும். கடும் கோடையில் எந்தச் சேவலின் விந்தும் வீரியம் குறையும். சித்திரை, வைகாசியில் வந்த கூமுட்டையை வைத்துச் சேவலுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஆடி, ஆவணியில் மறுபடி பாருங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் சேவலை மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய சேவலை எடுத்த மறுநாளே புதுச்சேவலின் வாரிசு என்று முட்டை சேர்க்கக் கூடாது. பெட்டை தன் முட்டைக்குழாயின் நுண்குழிகளில் விந்தைச் சேமித்துவைக்கும். பழைய சேவல் போன பின்னும் இரண்டு வாரம் தாராளமாகவும், மூன்றாவது வாரம் அங்கொன்று இங்கொன்றாகவும் அதன் கருவே கூடும். புதுச்சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்பவர்கள் முழுதாக 3 வாரம் கழித்து வரும் முட்டைகளையே அடைக்கு எடுக்க வேண்டும். அந்த வாசகரின் கேள்விக்குத் திருத்திய பதிலை வெளியிடும்போது, மிதிபடும் சேவலைப் பிரிப்பது, முதிர்ந்த பெட்டைகளைச் சேர்ப்பது, 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கு ஆகிய மூன்றையாவது அதே பக்கத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்ப்போரில் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.